எழுதும் பழக்கம் ஏன் பன்னிரண்டாம் நாளில் நின்றுபோகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர் வேலை, வீட்டில் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், அப்பா வைத்திருந்த வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றி எழுத வேண்டும் என்பது பல வருட ஆசை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதத் தொடங்குகிறீர்கள், பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாகப் போகிறது, பிறகு ஒரு கல்யாணமோ காய்ச்சலோ அலுவலகத் தணிக்கையோ குறுக்கே வருகிறது, அதோடு மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது. எதையும் 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அந்த 21 நாளையே தாண்ட முடியாத எனக்கு மன உறுதி போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து நாள் அதிகாலையில் எழுந்து எழுத முடிந்த ஒருவருக்கு மன உறுதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் உங்களுக்குத் தொடங்க முடிந்திருக்கிறது. நின்ற பிறகு திரும்பி வரத்தான் முடியவில்லை. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, இடையில் அறுந்தாலும் மீண்டும் தொடர்கிற ஒரு பழக்கத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதே. அதற்குத்தான் இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் உளவியல் படித்தவன் அல்லன். ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்து, புதியவர்கள் அனுப்பும் கட்டுரைகளைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தேன். அதன் பிறகு, வேலைக்குப் போய்க்கொண்டே எழுத விரும்புகிறவர்களுக்கு வகுப்புகள் நடத்திவருகிறேன். ஆய்வுகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. மற்றவை வகுப்பில் பார்த்தவை. எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 21 நாள் கணக்கை ஒதுக்கிவிடலாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர் 1960-ல் எழுதிய ஒரு சுயமுன்னேற்ற நூலிலிருந்து பரவிய எண் அது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கள் புதிய முகத்துக்குப் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தபட்சம் 21 நாள் அளவில் ஆகிறது என்று தம் அனுபவத்தில் கண்டதை அவர் எழுதினார். அவர் குறைந்த அளவாகச் சொன்னது, பின்னால் வந்தவர்கள் கையில் எல்லாப் பழக்கங்களுக்கும் பொதுவான கெடுவாக மாறிவிட்டது. பழக்கம் உருவாகும் காலத்தை நேரடியாக அளந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்டது. 96 தன்னார்வலர்கள், உண்பது, பருகுவது, உடலை அசைப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, காலை உணவுக்குப் பிறகு என்பது போன்ற ஒரே சூழலில் 12 வாரங்கள் செய்துவந்தார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்டுவதற்கு நடுத்தர அளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. உங்களுக்கு மிகவும் வேண்டிய முடிவு அதே ஆய்வில் இன்னொன்று இருக்கிறது: ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

ஆனால் இந்த 66-ஐயும் அடுத்த மந்திர எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செயல் நாளுக்கு நாள் பழகிவருவதைக் காட்டக் கணக்கிட்ட வளைகோடு நன்றாகப் பொருந்தியது 39 பேருக்குத்தான். ஆய்வு நடந்ததே 84 நாள் என்பதால், 254 என்பது கணக்கை முன்னோக்கி நீட்டிப் பெற்ற மதிப்பு. முக்கியமாக, அங்கே அளக்கப்பட்டவை ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பது, சிறிது தூரம் நடப்பது போன்ற எளிய செயல்கள்; கட்டுரை எழுதுவது அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்து எத்தனை நாளில் பழக்கமாகும் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அதை நம்பாமல் இருப்பதற்கு உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால் நின்றுபோனவர்களைத்தான் வகுப்பில் அதிகம் பார்த்திருக்கிறேன். எழுத உட்காருவது பழக்கமாகும். எழுதுவது ஒருநாளும் பழக்கமாகாது. நாற்காலியை இழுத்துப் போட்டு, நோட்டைத் திறந்து, நேற்று விட்ட இடத்தைப் படிப்பது வரையுள்ள பகுதி, சில மாதங்களில் பல் துலக்குவதைப் போல் தானாக நடக்கத் தொடங்கும். அதற்கு அடுத்த வாக்கியத்தை யோசிப்பது முப்பது வருடம் எழுதியவருக்கும் உழைப்புத்தான். பத்தாவது நாளிலும் வாக்கியம் சிரமப்பட்டே வருகிறது என்பதைக் கண்டு, பழக்கம் இன்னும் வரவில்லை, நமக்கு இது ஒத்துவராது என்று முடிவு கட்டுகிறார்கள். பழக்கம் வந்துகொண்டிருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், எழுதுவது எளிதாகிறதா என்று பார்க்காதீர்கள். உட்காருவதற்கு முன்பு மனத்துக்குள் நடக்கும் வாக்குவாதம் குறைகிறதா என்று பாருங்கள்.

அந்த வாக்குவாதத்தைக் குறைக்கும் வழிகளில் ஆய்வின் ஆதரவு வலுவாக இருப்பது, எப்போது, எங்கே, எதற்குப் பின் செய்வேன் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்வது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் பெயரோடு சேர்த்து அறியப்படும் கருத்து இது. அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் 1997-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், கிறிஸ்துமஸ் மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதுவேன் என்று முன்பே குறித்துவைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் குறித்த காலத்துக்குள் எழுதினார்கள். வெறுமனே எழுதுவதாக இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே எழுதினார்கள். பின்னர் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த முறையின் பயன் உறுதிப்பட்டது. ஒருமுறை செய்து முடிக்கும் காரியத்துக்கும் வருடக்கணக்கில் தொடரும் காரியத்துக்கும் உள்ள தூரத்தை இது முழுதும் நிரப்பிவிடும் என்று சொல்ல முடியாது; ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நம்பகமான கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஐந்து மணியை நீங்கள் தேர்ந்தெடுத்ததில்தான் எனக்கு ஐயம். அதிகாலையில் எழுதுகிறவர்களுக்கு முன்னோடியாக ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலோப்பைச் சொல்வார்கள். அஞ்சல் துறையில் முழுநேர அதிகாரியாக இருந்துகொண்டே, காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதி, நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை முடித்தவர் அவர். ஆனால் அவர் தம் சுயசரிதையிலேயே சொல்லியிருக்கும் இன்னொன்றை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தம் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகக் கருதலாம் என்றும் எழுதினார். உங்கள் வீட்டில் ஐந்து மணிக்குக் காபி போடுவது யார், பால் வாங்குவது யார், ஏழு மணிக்குள் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைக் கட்டுவது யார் என்பதற்கெல்லாம் விடை இல்லாமல் அந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், முதல் காய்ச்சலிலேயே அது உடைந்துபோகும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எழுதும் நேரம் என்பது பெரும்பாலும் வீட்டாரோடு பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். தனி ஒருவரின் வைராக்கியமாக அதைப் பார்ப்பதால், குறிப்பாகப் பெண்கள், தங்கள் மேல் இல்லாத பழியைச் சுமக்கிறார்கள்.

ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு, நாள்தோறும் எப்படியும் நடந்தே தீரும் ஒரு செயலின் பின்னால் எழுத்தைக் கட்டுங்கள். பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பும் வரை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருக்கையை விட்டு எழும் முன், மாலையில் பேருந்தில் உட்கார இடம் கிடைத்த உடனே, இப்படி எதுவானாலும் சரி. தூக்கத்தைக் குறைத்து எழுதுவதை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. அது சில வாரங்கள் தாங்கும். அதன் பிறகு உடல் தனக்குரியதை வாங்கிக்கொள்ளும், அத்தோடு எழுத்தும் போகும்.

எவ்வளவு நேரம், தினமும் வேண்டுமா என்பதில் ஆய்வுகளே ஒருமித்துப் பேசவில்லை. ராபர்ட் பாய்ஸ் 1980-களில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் நடத்திய சோதனைகளில், மனம் வரும்போது எழுதியவர்களைவிட, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்தபடி எழுதியவர்கள் அதிகப் பக்கங்கள் எழுதியதோடு, புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அதிகம் தோன்றியதாகக் கண்டார். தினமும் எழுது என்று உபதேசிக்கும் நூல்கள் பலவும் இவரையே சார்ந்து நிற்கின்றன. அதிகம் மேற்கோள் காட்டப்படும் 1983-ஆம் ஆண்டுச் சோதனையில் பங்கேற்றவர்கள் 27 பேர்தான் என்பதையும், எழுதாவிட்டால் தங்களுக்குப் பிடிக்காத அமைப்புக்குப் பணம் போய்ச் சேரும் என்ற கட்டாயம் சிலருக்கு வைக்கப்பட்டிருந்தது என்பதையும் அந்த நூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. மறுபக்கம், நியூசிலாந்துப் பேராசிரியர் ஹெலன் ஸ்வோர்ட், நிறைய எழுதி வெற்றிபெற்ற கல்வியாளர்கள் நூறு பேரை நேர்கண்டபோது, தினமும் எழுதுகிறவர்கள் அவர்களில் மிகச் சிலரே என்று கண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நாளைக் குறித்துக்கொள்வது பலன் தருகிறது. அது ஏழு நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்குச் சான்று போதாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வகுப்பில் நான் சொல்வது வாரம் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம். மற்ற மூன்று நாளும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாத நாட்கள். கல்யாணமும் தணிக்கையும் அந்த மூன்று நாளில் அடங்கிவிட்டால் எதுவும் அறுந்ததாகவே ஆகாது. இருபது நிமிடம் குறைவாகத் தோன்றலாம், ஆனால் அதைக் கூட்டாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் மூன்று மணி நேரம் எழுதியவர் திங்கட்கிழமை இருபது நிமிடத்தை அற்பமாக நினைத்து உட்காராமல் விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். எழுத வருகிறதே என்று தோன்றும்போது எழுதுங்கள், தடையில்லை; மறுநாளுக்கான அளவு மட்டும் இருபது நிமிடமாகவே இருக்கட்டும்.

இனி, நின்ற பிறகு திரும்பி வருவது. ஒருவர் எழுத்துக்குத் திரும்பாமல் போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் சோம்பல் அல்ல. திரும்பி வரும் நாளன்று நோட்டில் காத்திருக்கும் வேலை மிகப் பெரிதாக இருப்பதுதான். விட்ட இடம் எது என்று தெரியாது, முன்பு எழுதியதைப் படித்தால் பிடிக்காது, எனவே புது நோட்டு வாங்கி முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். நீங்களும் கொடிக்காலைப் பற்றி நான்கு முறை தொடக்கப் பத்தி எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு மருந்து, ஒவ்வொரு நாளும் எழுதி முடித்து எழுந்திருக்கும் முன் கடைசி இரண்டு நிமிடத்தில் அடுத்த நாளுக்கான குறிப்பு ஒன்றை எழுதிவைப்பது. அந்தக் குறிப்பு எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அடுத்து: கொடிக்கால் வேலைகள் பற்றி எழுத வேண்டும்’ என்று குறித்தால், மூன்று வாரம் கழித்து அதைப் பார்க்கும் கண்ணுக்கு அது ஒரு மலை. அதையே இப்படிக் குறித்துப் பாருங்கள்: ‘அகத்தியில் ஏறிய கொடியை இறக்கிக் கட்டும் நாள். அப்பாவின் இடுப்பில் ஊறிய வாழைநார். முடிச்சைப் பற்களால் இறுக்கினாரா, கையாலா? அம்மாவிடம் கேட்கவும்.’ இதற்குப் பதில் எழுத முன்னே எழுதிய எதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. தலையில் பெரிய திட்டமும் தேவையில்லை. ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு நான்கு வரியில் பதில் உண்டு. மறுநாள் குறிப்பு கவுளி (வெற்றிலைக் கட்டு) எண்ணும் இடமாக இருக்கலாம்: யார் எண்ணினார்கள், ஓரம் கிழிந்த இலையை என்ன செய்தார்கள். அடுத்தது என்ன என்று தெரிந்திருக்கும்போதே எழுத்தை நிறுத்த வேண்டும் என்று ஹெமிங்வே சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான்.

இடைவெளி விழுந்தால் அதை ஈடுகட்ட முயலாதீர்கள். பத்து நாள் விட்டதற்குப் பதினோராம் நாள் இரட்டிப்பாக எழுதுவேன் என்பது கடன் கணக்கு. அதற்குப் பயந்தே மனம் இன்னும் தள்ளிப்போடும். குறிப்பைத் திறந்து, பத்து நிமிடம், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதி, அடுத்த குறிப்பையும் எழுதி மூடிவிடுங்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு, நமக்குத் தெரிந்த மிக நீண்ட எழுத்துப் பழக்கங்களில் ஒன்று. இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் அந்த நாட்குறிப்பிலும் இடைவெளிகள் உண்டு. சில பகுதிகள் தொலைந்தவை என்பதால் எல்லா இடைவெளியும் அவர் எழுதாமல் விட்டது என்று கொள்ள முடியாது. எப்படியிருந்தாலும், கப்பல் வரவும் துரையின் பேச்சும் சரக்கு விலையுமாக, அவருடைய அன்றாட வேலையே எழுத வேண்டியதை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் பொருள் நினைவில் இருக்கிறது. அதனால்தான் அம்மாவிடமும் ஊரில் மிச்சமிருக்கும் கொடிக்கால்காரர்களிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வதையும் எழுதிய நாளாகவே நான் கணக்கிடச் சொல்வேன்.

எழுதும் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையால் எழுதுவது சிறந்ததா, தட்டச்சா என்ற விவாதத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். உங்களுக்குத் தடங்கல் குறைவாக இருப்பதே சிறந்தது. அலைபேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுகிறவர்கள், தமிழ்99 விசைப்பலகையைச் சில வாரம் பழகினால் சிந்தனைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு படி குறையும். குரல்வழித் தட்டச்சு, பேருந்திலிருந்து இறங்கி நடக்கும்போது நினைவுகளைப் பிடித்துவைக்க நல்லது. நிறுத்தக்குறிகளையும் ஊர்ப் பேச்சையும் அது சிதைத்துவிடும் என்பதால் திருத்த நேரம் ஒதுக்க வேண்டும். இதைவிடப் பெரிய தடங்கல், எழுதும்போதே ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்து நிற்பது. படித்தவர்களிடம்தான் இது அதிகம். எழுதும் நாளையும் திருத்தும் நாளையும் பிரித்துவிடுங்கள். நான்கு நாளில் ஒரு நாள் திருத்தத்துக்கு. பத்திரிகையில் இருந்தபோது சந்திப் பிழைக்காக ஒரு கட்டுரையையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. அதைத் திருத்த நாங்கள் இருந்தோம். சொல்ல ஒன்றுமில்லாத கட்டுரைகளைத்தான் திருப்பினோம்.

பழக்கத்தை வருடக்கணக்கில் தாங்கி நிற்பது படிக்கக் காத்திருக்கும் ஒருவர் என்பது என் அனுபவம். உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியது 1940-ல், 84 வயதில். 1942-ல் மறையும் வரை அது தொடர்ந்தது. அந்த வயதில் அப்படி ஒரு பெருநூல் உருவானதற்கு அவருடைய நினைவாற்றலும் உழைப்பும் முதற்காரணம். வாரந்தோறும் வந்து நின்ற இதழின் தேதியும் ஒரு காரணம் என்று இதழ்ப் பணி செய்தவன் என்ற முறையில் நம்புகிறேன். உங்களுக்கு இதழ் தேவையில்லை. ஒருவர் போதும்: வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கத்தை எதிர்பார்த்து, வராவிட்டால் என்ன ஆயிற்று என்று கேட்கிற ஒரு நண்பர், அக்கா, பழைய ஆசிரியர். அவர் விமர்சிக்க வேண்டியதில்லை. படித்தேன் என்று சொன்னால் போதும். முகநூலில் உடனுக்குடன் போடுவதை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன், ஏனென்றால் விருப்பக்குறி குறைந்த நாளில் எழுத்தின் மேலேயே வெறுப்பு வருவதைப் பலரிடம் பார்த்தேன். ஆனால் பொதுவெளியில் எழுதியே வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இது ஆளைப் பொறுத்தது.

நான் சொன்னவை எல்லாம், எழுத விருப்பம் இருந்தும் தொடர முடியாதவர்களுக்கு. எழுத்து மட்டுமின்றிச் சாப்பாடு, தூக்கம், மனிதர்களோடு பேசுவது என எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் கழிகிறது என்றால், அது பழக்கத்தின் குறை ஆகாது. அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்த முதல் வருடம், வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் காலம் போன்றவற்றிலும் நான்கு நாள் கணக்கை வற்புறுத்துவது சரியில்லை. அப்போது வாரம் ஒரு குறிப்பு எழுதினால் போதும். பொருள் மறக்காமல் இருக்கும்.

வரும் வாரமே தொடங்குவதானால் ஐந்தாவது தொடக்கப் பத்தியை எழுதாதீர்கள். முன்பு எழுதிய நான்கையும் ஓர் உறையில் போட்டு வைத்துவிட்டு, அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை, ஒரு கேள்விக்கு ஒரு தாள் என்று தனித்தனியே எழுதிவையுங்கள். முதல் இரண்டு மாதம் அந்தத் தாள்களை எந்த வரிசையிலும் நிரப்பலாம். கட்டுரை எங்கே தொடங்க வேண்டும் என்பதை, அவை ஓரளவு சேர்ந்த பிறகு, திருத்தும் நாள் ஒன்றில் தீர்மானித்துக்கொள்ளலாம்.